கண்மாய்க்கு எடுத்து வைத்த நெல்

குடிமராமத்து என்ற வார்த்தை நகரத்தில் இருக்கும் பலருக்கு 2017-க்கு அப்புறம்தான் காதில் விழுந்திருக்கும். அந்த வருஷம் மார்ச் மாதம் தமிழக அரசு இந்தப் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, முதல் கட்டமாக 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. வேலைச் செலவில் 10 சதவீதத்தைப் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ விவசாயிகள் தரணும்னு விதி. அதுக்கப்புறம் எனக்கு வர்ற கேள்விகள்ல பாதி ஒரே மாதிரிதான் இருக்கு. "அண்ணே, அந்தக் காலத்துல வீட்டுக்கு ஒரு ஆள் மம்பட்டியோட போய் ஊரே கண்மாய் வெட்டுவாங்களாமே, இப்ப ஏன் அந்த ஒத்துமை இல்ல?"

வீட்டுக்கு ஒரு ஆள் போனது உண்மை. ஆனா அதை மட்டும் சொல்லி நிறுத்தினா பாதிக் கதைகூட ஆகாது. எங்க தாத்தா காலத்து ஊர் ஒண்ணும் ரொம்ப ஒத்துமையான ஊர் இல்ல. வரப்புத் தகராறு, மடைத் தகராறு, கோயில் முதல் மரியாதைத் தகராறு எல்லாம் இருந்துச்சு. அப்படியும் கரை நின்னுச்சு. ஏன் நின்னுச்சுன்னு பழைய கணக்குகளைப் படிச்சவங்க எழுதினதைத் தேடிப் படிச்சப்ப எனக்குக் கிடைச்ச பதில், நெல்.

அதைச் சொல்றதுக்கு முன்னாடி, கண்மாய் பார்க்காதவங்களுக்காக ஒரு பத்தி. வடக்கே ஏரின்னு சொல்வாங்க, எங்க சிவகங்கைப் பக்கம் கண்மாய். சரிவான நிலத்துல பிறை மாதிரி ஒரு மண்கரை. மேலே இருந்து தண்ணி கொண்டு வர்றது வரத்துக்கால். தண்ணி நிக்கிற இடம் உள்வாய். பாசனத்துக்குத் திறக்கிறது மடை. நிரம்பினதும் மிச்சத்தை வெளியேத்துற கல்கட்டு கலுங்கு. கலுங்கு தாண்டிப் போற தண்ணி, மறுகால், அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்து. கரைக்குக் கீழே இந்தத் தண்ணியில விளையுற நிலம் ஆயக்கட்டு. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கிறதா அரசுக் கணக்கு சொல்லுது. இதுல எதுவுமே ஒரு தடவை கட்டிட்டு விட்டுடுற பொருள் கிடையாது. மண்கரை மழைக்குக் கரையும். எலி, நண்டு வளை போடும். வரத்துக்கால் தூர்ந்து போகும். வருஷா வருஷம் கை வைக்கலேன்னா பத்து வருஷத்துல அது பள்ளமான ஒரு புறம்போக்கு.

அப்ப வருஷா வருஷம் யார் செலவு பண்ணினாங்க?

எல்லாரும் முதல்ல காட்டுறது உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலம், 919-லும் 921-லும் வெட்டினது. குடவோலை முறைக்காக அது புகழ் பெற்றது. எனக்கு அதுல பிடிச்சது வேற. அந்தச் சபையில ஏரி வாரியம்னு ஆறு பேர் கொண்ட ஒரு குழு இருந்துச்சு. பதவிக் காலம் 360 நாள். வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாதவன் மட்டுமில்ல, அவனோட நெருங்கிய சொந்தக்காரனும் அடுத்து நிக்க முடியாது. அது பிராமணர் ஊர். கால் வேலியாவது நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் இருக்கிறவங்களுக்குத்தான் அங்க இடம். அதனால இதை மக்களாட்சின்னு கொண்டாட எனக்கு மனசு வரல. ஆனா ஏரியைப் பாக்குறதுக்குத் தனியா ஆள், அந்த ஆளுக்கு ஒரு கெடு, கெடு முடிஞ்சா கணக்கு, இந்த மூணும் 1,100 வருஷத்துக்கு முன்னாடியே யோசிச்சு வச்சிருக்காங்க. சோழர், பல்லவர் கல்வெட்டுகள்ல ஏரிக்குன்னே விட்ட நிலம் ஏரிப்பட்டி, ஏரிக்குன்னே வாங்கின வரி ஏரி ஆயம். தூர் அள்ளுற ஓடத்துக்குக்கூட நிவந்தம் எழுதி வச்சிருக்காங்க. நல்ல மனசு இருக்கிற வருஷம் மட்டும் நடக்கிற வேலையா அதை அவங்க விடல.

இன்னும் தெளிவான சாட்சி 18-ஆம் நூற்றாண்டுல கிடைக்குது. செங்கல்பட்டுச் சீமை ஆற்காடு நவாப்பிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த சமயம். 1767-லிருந்து 1774 வரைக்கும் தாமஸ் பர்னார்டுன்னு ஒரு பொறியாளர் அங்க இருந்த சுமார் 2,000 கிராமங்களை ஊர் ஊராக் கணக்கெடுத்தார். எத்தனை வீடு, எவ்வளவு நிலம், எத்தனை ஏரி, விளைஞ்ச நெல்லு யார் யாருக்குப் போச்சு, எல்லாமே அதுல இருக்கு. இதுக்கு மூலமான கணக்குகள் ஓலையில எழுதினது. காந்தியவாதி தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடி வெளியே கொண்டு வந்தார். அவர் வழியில வந்த ஆய்வாளர்கள் திருப்போரூர், வடக்குப்பட்டு ஊர்க் கணக்குகளைத் தனிப் புத்தகமாவே போட்டிருக்காங்க.

அந்தக் கணக்குகள் சொல்றது இதுதான். அறுப்பு முடிஞ்சு களத்துல நெல்லைப் பொலி போட்டதும், ராஜாவுக்கு இவ்வளவு, குடியானவனுக்கு இவ்வளவுன்னு பிரிக்கிறதுக்கு முன்னாடியே சில பங்குகளை அளந்து எடுத்து வச்சிருவாங்க. கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, கொல்லனுக்கு, தச்சனுக்கு, குயவனுக்கு, வண்ணானுக்கு, நாவிதனுக்கு, வெட்டியானுக்கு, ஏரிக்கு. பள்ளிவாசலுக்கும் பக்கிரிக்கும்கூடப் பங்கு போன ஊர்கள் உண்டு. மொத்த விளைச்சல்ல ஏறக்குறைய கால் பங்கு இப்படிப் பொதுக் காரியத்துக்குப் போனதா அந்த ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்காங்க.

இந்தப் பங்குக்கு மேரைன்னு ஒரு பேரு. இன்னொரு பேரு சுதந்திரம். நமக்குச் சுதந்திரம்னா 1947. அன்னைக்குக் களத்துல சுதந்திரம்னா ஒருத்தனுக்கு உரிமையா சேர வேண்டிய மரக்கால் நெல்லு. யாரும் கருணையா கொடுக்கிறதில்ல, அவனோட சொந்தப் பாத்தியதை. 12 மரக்கால் ஒரு கலம். ஒரு கலத்துக்கு இத்தனைன்னு வழக்கம் நின்னுடுச்சுன்னா அதை ஒரு ஆளா மாத்த முடியாது.

கவனிக்க வேண்டியது அந்த வரிசையைத்தான். வீட்டுக்குக் கொண்டு போன நெல்லுல இருந்து அப்புறமாத் திருப்பிக் கேட்டிருந்தா எவன் கொடுப்பான்? எங்க ஊர்லயே கோயில் வரி பாக்கி மூணு வருஷமா நிக்குது. களத்துல, எல்லார் கண்ணு முன்னாடியும், நெல்லு இன்னும் யாருடையதும் ஆகாத நிலையில ஏரிக்கு உண்டானதை எடுத்தாச்சு. விளைஞ்சா ஏரிக்கு நிறைய, பொய்ச்சா கொஞ்சம். குடியானவனும் அரசாங்கமும் ஏரியும் ஒரே குவியலை நம்பி இருந்தாங்க.

வேற சில வழக்கங்களும் இதே புத்தியில உண்டானதுதான். தொண்டை மண்டலத்துலயும் தஞ்சாவூர்ப் பக்கமும் கரையீடுன்னு ஒரு முறை. பங்காளிகள் தங்களுக்குள்ள நிலத்தைச் சில வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திக்குவாங்க. இந்த வருஷம் தலைமடையில இருக்கிறவன் நாளைக்குக் கடைமடைக்குப் போகணும். அப்ப வாய்க்காலை எவன் அடைப்பான்? ஊர்க்காரன் அத்தனை பேரும் பொறியியல் படிச்சிருந்தாலும் இதைவிட நல்ல ஷட்டர் செஞ்சிருக்க முடியாதுன்னு நினைக்கிறேன்.

அடுத்தது நீர்பாய்ச்சி. வடக்கே நீர்கட்டி. மடையைத் திறக்கிறது, அடைக்கிறது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம்னு பாக்குறது, மழை ராத்திரியில கரை மேல நடந்து கசிவு பாக்குறது எல்லாம் அவர் வேலை. பாண்டி நாட்டுக் கண்மாய்கள்ல குமிழி மடைன்னு ஒண்ணு இருக்கும். உள்வாய்க்குள்ள கல் தொட்டி, மேல் துளையில தண்ணி போகும், கீழ்த் துளையில சேறு போகும். முங்கிப் போய்த்தான் அடைப்பைத் தூக்கணும். நிறைஞ்ச கண்மாய்ல அது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. (மடையன்னு திட்டுறது இதுல இருந்து வந்துச்சுன்னு வாட்ஸ்அப்ல சுத்துது. மடமைன்னு தனியா ஒரு சொல் தமிழ்ல ரொம்ப நாளா இருக்கு. அதனால நான் அதை நம்புறதில்ல.)

பல ஊர்கள்ல நீர்பாய்ச்சிகள் நிலமில்லாத பட்டியல் சாதிக் குடும்பங்கள். ஆயக்கட்டுல சொந்த வயல் இல்லாததால தண்ணி விடுறதுல பாரபட்சம் வராதுன்னு இதுக்கு ஒரு காரணம் சொல்வாங்க. சொல்றதுல நியாயம் இருக்கு. தண்ணி குறைஞ்ச வருஷம் பெரிய வீட்டு வயலையும் சின்னவன் வயலையும் ஒரே அளவுல நனைக்க ஒரு பொது ஆள் வேணும்தான். ஆனா இதையே திருப்பியும் கேக்கலாம். ஊர் வயலுக்கெல்லாம் தண்ணி பாய்ச்சுற ஆளுக்கு ஏன் ஒரு துண்டு வயல் கிடையாது? அவர் காவல் காத்த ஊரோட ஊருணியில அவர் குடும்பம் ஏன் தண்ணி மொள்ள முடியல? களத்துல எல்லாருக்கும் பங்கு இருந்துச்சு, ஆனா சமமா இல்ல. உழுது நட்ட பண்ணையாளுக்குக் கூலி நெல்லுதான், தண்ணியில பாத்தியதை கிடையாது. பழைய முறையைப் பத்திப் பேசும்போது இதை விட்டுட்டுப் பேசுறவங்ககிட்ட எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். டேவிட் மோஸ்னு ஒரு மானிடவியலாளர் எங்க பக்கத்துக் கண்மாய்களை வச்சே ஒரு பெரிய புத்தகம் எழுதியிருக்கார். கண்மாய் நிர்வாகம்ங்கிறது பொதுநலம் மட்டுமில்ல, ஊர்ல யார் பெரியவன்ங்கிற கணக்கும்தான்னு அதுல காட்டுறார்.

சரி, இந்த ஏற்பாடு எப்படி உடைஞ்சுச்சு?

வெள்ளைக்காரன் வந்து அழிச்சுட்டான்னு ஒரே வரியில முடிக்க முடியாது. அவங்கள்லயும் ஏரியைப் பாத்தவங்க இருந்தாங்க. செங்கல்பட்டுச் சீமையில 1790-களில் கலெக்டரா இருந்த லயோனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்டார். ராத்திரி கரை உடையப் போற நேரத்துல ராமனும் லட்சுமணனும் வில்லோட காவல் நின்னதை அவர் பாத்ததா கதை. ஏரி காத்த ராமர் கோயில் தாயார் சன்னதிக் கல்வெட்டுல இன்னமும் அவர் பேர் இருக்கு.

அடிச்சது கணக்கு முறைதான். தாமஸ் மன்றோ கவர்னரா இருந்த 1820-களில் ரயத்துவாரி முறை சென்னை மாகாணத்துல நிலைச்சுது. ஊருக்கு வரிங்கிறது போய் ஆளுக்குப் பட்டா, நெல்லுக்குப் பதிலா பணம். நன்செய் தீர்வையிலேயே தண்ணிக்கான தொகையும் சேர்ந்து போச்சு. அதனால குடியானவன் மனசுல, தண்ணிக்கு நான் சர்க்காருக்குக் கட்டியாச்சு, கரையைச் சர்க்காரே பாத்துக்கட்டும்னு வந்ததுல ஆச்சரியம் இல்ல. களத்துல இருந்த பொதுக் குவியல் இல்லாமப் போச்சு. ஏரிக்கு எடுத்து வைக்கிற மரக்காலுக்கு இடமும் இல்ல, நேரமும் இல்ல.

பெரிய வேலைகளை அரசாங்கம் எடுத்துக்கிட்டுச்சு. கரையில பள்ளம் நிரப்புறது, சப்பாத்திக்கள்ளி வெட்டுறது, வாய்க்கால் சுத்தம் பண்றது மாதிரியான சில்லறை வேலைகள் ஊர்க்காரன் தலையில மிஞ்சுச்சு. குடிமராமத்துன்னு அதிகாரிகள் எழுதினது இதைத்தான். அந்தச் சில்லறை வேலைக்கு முன்னாடி நெல்லு இருந்துச்சு. இப்ப வெறும் கடமை மட்டும் மிச்சம். ஆள் வரல. உடனே 1858-ல் ஒரு சட்டம். பேரே கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடையுற ஆபத்து வந்தா ஊர்க்காரங்களைக் கூப்பிட்டு வேலை வாங்கலாம், வழக்கமான மராமத்து வேலைக்கு வராதவங்ககிட்ட அதுக்கான செலவை வசூல் பண்ணலாம்னு அது சொல்லுச்சு. பங்கை எடுத்துட்டுப் பாத்தியதை இல்லாத வேலையைச் சட்டம் போட்டுக் கேட்டா எப்படி நடக்கும்? நடக்கல. 1876-78 பெரும் பஞ்சத்துல மாகாணமே சிதறிப் போச்சு. அதுக்கப்புறம் 1883-ல் ஏரிகளைச் சீரமைக்கன்னே தனித் திட்டம் தொடங்கினாங்க.

எங்க பக்கம் கதை கொஞ்சம் வேற. சிவகங்கையும் ராமநாதபுரமும் ஜமீன். இங்க ரொம்ப நாள் வரைக்கும் களத்துல நெல்லைப் பிரிக்கிற வாரமுறை இருந்துச்சு, நீர்பாய்ச்சிக்கும் பங்கு போச்சு. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம் கண்மாய் அரசாங்கத்துக்குப் போச்சு. பழைய பொறியாளர்கள் இன்னமும் 'எக்ஸ் ஜமீன் கண்மாய்'னுதான் சொல்வாங்க. அப்புறம் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா பொதுப்பணித் துறை, கீழே இருந்தா ஊராட்சி ஒன்றியம்னு பிரிவு. எங்க ஆயக்கட்டு 86 ஏக்கர், அதனால யூனியன் கண்மாய். மேலே இருக்கிற கண்மாய் பெரிய துறை, அங்க இருந்து வர்ற மறுகால் எங்க வரத்து. ஒரே தண்ணி, ரெண்டு ஆபீஸ்.

அதுக்கப்புறம் மோட்டார் வந்துச்சு, போர் வந்துச்சு. உள்வாய்ல சீமைக்கருவேல் ஏறுச்சு. கோடையில மாட்டுவண்டியில கரம்பை அள்ளி வயலுக்கு அடிக்கிறது நின்னு, உர மூட்டை வந்துச்சு. தூர் வாருறதுன்னு நாம இப்ப டெண்டர் விடுற வேலையில பெரும் பங்கு அன்னைக்கு எருவுக்காக நடந்தது.

நகரத்துல இருக்கிறவங்க இதை எங்களோட பிரச்சினைன்னு நினைக்க வேண்டாம். தி.நகர் 1920-களில் ஒரு நீண்ட ஏரியை மூடித்தான் உருவாச்சு. வள்ளுவர் கோட்டம் நிக்கிறது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். அங்க ஆயக்கட்டு போனதும் ஏரிக்குப் பங்கு கொடுக்க ஆளும் போயிட்டாங்க.

இப்ப எங்க ஊர்ல நடக்கிறதைச் சொல்றேன். பெருசா ஒண்ணுமில்ல.

எங்க சுத்து வட்டாரத்துல நிறைய ஊர்கள்ல கண்மாய் மீன் பிடிச்சு வர்ற பணம் திருவிழாச் செலவுக்குத்தான் போகுது. அதைக் கண்மாய்க்கு மாத்தலாம்னு ரெண்டு வருஷம் முன்னாடி கூட்டத்துல பேசிப் பாத்தோம், சாமிகிட்ட கணக்குக் கேக்குறியான்னு முடிஞ்சு போச்சு. களத்துலயும் வாங்க முடியாது, ஏன்னா களமே இல்ல. அறுப்பு மிஷின் வயல்லயே நெல்லை டிராக்டர்ல கொட்டிடுது, அங்கிருந்து நேரா கொள்முதல் நிலையம், பணம் அவங்கவங்க வங்கிக் கணக்குக்கு. அப்பதான் பக்கத்து வயல்கார மாமா ஒருத்தர் கேட்டார். "எல்லாரும் மிஷினுக்கு வாடகை கொடுக்கோம்ல? அதுதாண்டா இப்ப களம்." மிஷினை ஊருக்கு மொத்தமாத்தான் பேசுறோம். ஏக்கருக்கு 200 ரூபாய் கண்மாய்க்குன்னு வாடகையோட சேர்த்தே வாங்கிட்டோம். 86 ஏக்கர்ல 71 ஏக்கருக்கு வசூல் ஆச்சு, 14,200 ரூபாய். மிச்சம் 15 ஏக்கர்காரங்க, எனக்குப் போர் இருக்கு, கண்மாய் எதுக்குன்னாங்க. கண்மாய் நிரம்பாத வருஷம் அவங்க போர்ல எத்தனை அடி இறங்குச்சுன்னு அவங்களுக்கே தெரியும். வற்புறுத்தல.

பணம் வந்ததும் முதல் பேச்சு நீர்பாய்ச்சி. எட்டு வருஷமா ஆள் இல்ல, பழைய நீர்பாய்ச்சி பேரன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். கூட்டத்துல அவங்க தெருக்காரர் ஒருத்தர் எழுந்து, "திரும்பவும் எங்க ஆள்தான் மடையில முங்கணுமா?"ன்னு கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசல. எந்தத் தெருவுல இருந்தும் வரலாம், புரட்டாசியில இருந்து தை வரைக்கும் மாசச் சம்பளம்னு முடிவாச்சு. ரெண்டு பேர் வந்தாங்க, ரெண்டு தெருவுல இருந்தும். பேசி முடிச்சு, அந்தக் கேள்வி கேட்டவரே வேலையை ஏத்துக்கிட்டார். ஒரே ஒரு நிபந்தனை வச்சார். அவங்க அப்பா சாக்கை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு களமாப் போய், அளந்து போடுற வரைக்கும் ஓரமா நிப்பாராம். தான் யார் வாசல்லயும் போய் நிக்க மாட்டேன், சங்கமே ஒண்ணாந்தேதி கையில கொடுக்கணும்னார்.

அதுக்காக ஒரு நோட்டுப் போட்டிருக்கோம். முதல் வரி அவர் சம்பளம். ரெண்டாவது வரி நடுமடை ஷட்டருக்கு கிரீஸும் போல்ட்டும், 340 ரூபாய். இந்த வாரம் வரத்துக்கால்ல ஆள் விட்டிருக்கோம், சாயங்காலம் அந்தக் கூலியை எழுதணும்.